உன் பெல்ட்டின் மூன்று துளைகள்

உன் பெல்ட் என் மேசைமேல் கிடக்கிறது, மச்சான். தோலுக்கென்று இருக்கும் வாசனை அதில் இப்போது இல்லை. நீ பூசும் அத்தர்தான் மணக்கிறது. காலையிலிருந்து மூன்று தடவை முகர்ந்து பார்த்துவிட்டேன். வீட்டில் யாராவது பார்த்திருந்தால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் மனைவி கொண்டுவந்து கொடுத்தார். கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து அவர் வெளியே வந்த முதல் வாரம். சிங்கப்பூரின் அந்தக் கோடியில் இருக்கும் பொங்கோலிலிருந்து தனியாக ரயிலேறி தேக்காவுக்கு வந்து, நம் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். துணிப்பையை நீட்டி, "அண்ணே, இது உங்க கையால செஞ்சது. உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். போகிறபோது இன்னொன்றும் சொன்னார். அதைப் பிறகு எழுதுகிறேன். எடுத்த எடுப்பில் எழுத எனக்குத் தெம்பில்லை.

நாம் இரண்டு பேரும் தோல் வேலைக்காரர்கள் இல்லை. நான் மின்தூக்கி பழுதுபார்க்கும் கம்பெனியில் அட்டவணை போடுகிறவன். நீ சரக்குக் கப்பல் அலுவலகத்தில் கணினியைத் தட்டுகிறவன். தோ பாயோ சமூக மன்றத்தில் நடந்த தோல் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி கிடைத்தது, அவ்வளவுதான். நாலாவது வாரம் குத்தூசி உன் கட்டைவிரலில் ஏறியது. "எனக்கு வாய் மட்டும் போதும் லா. நீ தை, நான் விக்கிறேன்" என்று விரலைச் சூப்பிக்கொண்டே சொன்னாய். அப்படித்தான் ஒரு துணிக்கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் ஞாயிறுதோறும் நமக்கென்று ஒரு மடக்கு மேசை வந்தது. பர்ஸ், சாவிக்கொத்து, அட்டை உறை, எப்போதாவது ஒரு பெல்ட்.

நான் குட்டை நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து தைத்துக்கொண்டிருப்பேன். நீ முன்னால் நின்று வருகிறவர்களிடம் பேசுவாய். பேச்சில் நீ மன்னன், ஆனால் பொய் மட்டும் வராது. ஒருநாள் ஓர் அம்மா பழுப்பு நிறப் பையை எடுத்துத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "இது மாட்டுத்தோலா?" என்று கேட்டார். நான் காதில் விழாததுபோல் தைத்துக்கொண்டிருந்தேன். நீ பட்டென்று, "ஆமாங்கக்கா, மாட்டுத்தோலுதான். ஆட்டுத்தோல் இந்தப் பக்கம் இருக்கு, பாருங்க" என்றாய். அவர் பையை வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு வாரம் உட்கார்ந்து தைத்த பை! நான் உன்னிடம் எரிந்து விழுந்தேன். "கோயிலுக்கு எடுத்துட்டுப் போவாங்கடா. சொல்லாம விக்கலாமா?" என்றாய்.

நான் செய்த முதல் பெல்ட் உனக்குத்தான். நாற்பது அங்குல இடுப்பு. ஐந்து துளைகளில் நடுத்துளை உனக்குச் சரியாக இருந்தது. மீதி நான்கு எதற்கு என்று உன் மகள் கேட்டபோது, "உள்ளே ரெண்டு நோன்புக்கு, வெளியே ரெண்டு பெருநாளுக்கு" என்றாய். என்னைப் பார்த்து, "ஒல்லிப்பிச்சான், உனக்கு பெல்ட் எதுக்கு, நூல் போதும்" என்றும் சேர்த்துக்கொண்டாய்.

போன வருடம் ஒரு ஞாயிறு, "டேய், உன் தோல் நீண்டுருச்சு. இன்னும் ஒரு ஓட்டை போடு" என்று வந்து நின்றாய்.

"நல்ல தோல் எப்படிடா நீளும்?"

"மலிவாப் பாத்து வாங்கிருப்ப."

அது எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்தத் தோலை நான் உண்மையிலேயே தள்ளுபடி விலையில்தான் வாங்கியிருந்தேன், உன்னிடம் சொல்லவில்லை. என் குற்றம் எனக்குத் தெரியுமென்பதால் உன் பேச்சை அப்படியே நம்பிவிட்டேன். நீ பெல்ட்டைக் கழற்றவில்லை. பக்கிளிலிருந்து நுனியை மட்டும் உருவி நீட்டினாய். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இடுக்கியால் துளை போட்டேன். உன் வயிற்றுக்கும் என் முகத்துக்கும் ஒரு சாண் தூரம்கூட இல்லை, மச்சான். நான் துளை நேராக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

ஒன்றரை மாதத்தில் இன்னொரு துளை. பிறகு மூன்றாவது. எனக்கு அவமானமாக இருந்தது. தோல் கடைக்காரச் சீனரிடம் போய்ச் சண்டை போட்டேன். "ஃபைவ் இன்ச்? கேனாட் லா! கொண்டு வா, அளந்து பாப்போம்" என்று அவர் சிரித்தார். அளக்கவேண்டும், கழற்றித் தா என்று உன்னைக் கேட்டேன். "கழட்டுனா பேண்ட் விழுந்துரும். தேக்காவே சிரிக்கும் லா" என்று நழுவிவிட்டாய்.

சட்டை தொளதொளவென்று உன்மேல் தொங்கியதை நான் பார்க்கவே இல்லையா? பார்த்திருப்பேன். வயதாகிறது, சோற்றைக் குறைத்திருப்பாய் என்று நினைத்திருப்பேன். உட்கார்ந்த இடத்திலிருந்து என் கண்ணுக்கு நேராக இருந்தது அந்த பெல்ட்தான். அதன் நுனி வால்போலத் தொங்கி ஆடும். வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்குள் புழுக்கம். கடைசியில் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "இனிமே இந்த பெல்ட்டைப் போட்டுக்கிட்டு மேசைக்கு வராதே. பாக்குறவன் என் வேலையைத்தான் பழிப்பான்" என்று கத்திவிட்டேன். நீ சிரித்தாய். பையை எடுத்துக்கொண்டு போனாய்.

அடுத்த ஞாயிறு நீ வரவில்லை. கோபம் போல என்று விட்டுவிட்டேன். அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நானாக அழைக்க மனம் வரவில்லை. முதலில் அவன் பேசட்டும் என்ற வீம்பு. மூன்றாவது வாரம் உன் மனைவிதான் அழைத்தார், மருத்துவமனையிலிருந்து. நான் ஓடி வந்தபோது நீ பேசும் நிலையில் இல்லை. உன்னிடம் நான் கடைசியாகப் பேசியது அந்த 'வராதே'தான்.

உன் மனைவி சொன்னதை இப்போது எழுதிவிடுகிறேன். "நோயப் பத்தி அவருக்கு ஆறு மாசமாத் தெரியும் அண்ணே. ஞாயித்துக்கிழமை வீட்டுல இருங்கன்னா கேக்கமாட்டாரு. 'எல்லாரும் என் மூஞ்சியப் பாத்து அழுவுறாங்க. அவன் ஒருத்தன்தான் பெல்ட்டைப் பாத்துத் திட்டுறான். அங்க போயிட்டு வந்தா நல்லாருக்கு'ன்னு சொல்வாரு." அந்தக் கடைசி ஞாயிறைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து அளந்தேன். பக்கிளிலிருந்து நடுத்துளை வரை நாற்பது அங்குலம். ஒரு நூல்கூட நீளவில்லை. முன்பின் தெரியாத அம்மாவிடம் ஒரு பைக்காகக்கூடப் பொய் சொல்லாதவன், என்னிடம் மட்டும் ஏன்டா சொன்னாய்? உனக்கு அது ஆறுதலாக இருந்தது என்கிறார் உன் மனைவி. இருக்கட்டும். நீ உண்மையைச் சொல்லி, நானும் உன் முகத்தைப் பார்த்து அழுதிருக்கலாம். அந்த அழுகையில் எனக்கும் ஒரு பங்கு உண்டில்லையா?

மேசையை மடக்கவில்லை. குட்டை நாற்காலியை மட்டும் வீட்டிலேயே போட்டுவிட்டேன். நின்றுகொண்டே விற்கிறேன், கால் வலிக்கிறது. மாட்டுத்தோலா என்று கேட்டால் ஆமாம் என்கிறேன். நேற்று ஒருவர் பெல்ட்டை நீட்டி, இன்னொரு ஓட்டை வேண்டும் என்றார். இடுக்கியை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, போட முடியாதா?"

"உடம்பு நல்லா இருக்குங்களா?"

"சூப்பரா இருக்கேன்! தினமும் ஓடுறேன்ல" என்று அவர் வயிற்றைத் தட்டிக் காட்டினார். கன்னமும் கண்ணும் தெளிவாகத்தான் இருந்தன. அதன்பிறகுதான் துளை போட்டேன்.

சற்று முன் உன் பெல்ட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் இதைத்தான் போடப்போகிறேன். நான் கடைசியாகப் போட்ட மூன்றாவது துளை இந்த ஒல்லிப்பிச்சானுக்கு அளவெடுத்ததுபோல் இருக்கிறது. அந்தக் கடைசி ஞாயிறு நீ என் அளவுக்கு இளைத்து என் முன்னால் நின்றிருக்கிறாய், மச்சான். நான் தோலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.