ஒரு ஸ்பூன் பிரசாதம்

ராஜமகேந்திரவரம்
8-5-2011

அன்புள்ள வேணிக்கு,

அண்ணி எழுதுகிறேன். போனில் பேசினால் வீடே காது கொடுக்கிறது, அதனால் கடிதம். இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். இருபத்துநான்காம் தேதி, விசாகப்பட்டினத்தில்.

என் எடை நூற்று இருபத்தொன்பது கிலோ. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. "இப்படியே விட்டா அஞ்சு வருஷம்கூடச் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். பத்தாம் தேதியிலிருந்து பதினான்கு நாள் மோர், பருப்புத் தண்ணீர், புரத மாவு கரைத்த பால், அவ்வளவுதான். கொழுத்த கல்லீரல் சுருங்கினால்தான் கருவி உள்ளே போக இடமிருக்குமாம். சுருங்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்திருக்கிறார்கள். உறிஞ்சினால் எனக்கு ஒரு பந்துதான் எழுகிறது.

நான் பாடம் சொல்லும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து எட்டு வருடம் ஆகிறது, வேணி. நீ சிரிப்பாய். சிரி.

மாணிக்யாம்பா

துனி
17-5-2011

அண்ணிக்கு வணக்கம்.

சிரிக்கலாம் என்றுதான் கவரைப் பிரித்தேன். கல்யாணப் பந்தலிலேயே உங்களை நெல்குதிர் என்றவள் நான். ஆனால் நேற்று அண்ணா வந்து ஆவக்காய் போட்ட கதையைச் சொன்னார். ஐம்பது மாங்காய்க்கும் உப்பை நாக்கில் வைக்காமல் வாசனையிலேயே கண்டுபிடித்தீர்களாம். ஊறுகாய் கலந்த தாம்பாளத்தில் சுடுசோறும் நெய்யும் போட்டுப் பிசைந்து எல்லோர் கையிலும் உருண்டை வைத்தீர்களாம். "நீயும் ஒண்ணு எடுத்துக்கோ, யாருக்குத் தெரியப்போகுது?" என்றாராம் அண்ணா. "என் கல்லீரலுக்குத் தெரியும்" என்றீர்களாம். அந்தத் தாம்பாளத்துச் சோற்றை வேண்டாம் என்ற மனுஷியை நம் குடும்பத்தில் நான் பார்த்ததில்லை.

இருபத்துமூன்றாம் தேதி உங்கள் பேரில் சத்தியநாராயண விரதம் செய்கிறேன். விடியற்காலை ரயிலில் என் வீட்டுக்காரர் பிரசாதம் கொண்டுவருவார். வாயில் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பிரசாதம் சாப்பாட்டில் சேராது. வாங்காமல் போனவளின் புருஷன் கப்பலோடு முழுகியதை விரதக் கதையிலேயே கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் வேணி

ராஜமகேந்திரவரம்
26-5-2011

அன்புள்ள வேணிக்கு,

ஆபரேஷன் நடக்கவில்லை. பயப்படாதே, நான் நன்றாக இருக்கிறேன்.

அன்று காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் உன் வீட்டுக்காரர் இலைப்பொட்டலத்தைப் பிரித்தார். கண்ணில் ஒற்றி ஒரு ஸ்பூன் போட்டுக்கொண்டேன். எனக்கும் அது சாப்பாடாகத் தோன்றவில்லை. தியேட்டர் வாசலில் மயக்க டாக்டர் கேட்டார்.

"ராத்திரிக்கப்புறம் ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?"

"இல்ல டாக்டர்."

"தண்ணி?"

"இல்ல. பிரசாதம் மட்டும்."

"பிரசாதம்னா?"

"கோதுமை ரவை, சர்க்கரை, நெய்."

அவர் கையுறையைக் கழற்றிவிட்டார். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலில் இறங்கினால் பிழைப்பது கஷ்டமாம். ஆபரேஷனுக்கு மறுபடி குறித்த நாள் ஜூன் ஏழு. அதுவரை மறுபடி மோரும் பருப்புத் தண்ணீரும்.

"ஒரு ஸ்பூன்தானேடி, சொல்லாம இருந்தா என்ன?" என்று உன் அண்ணன் குதித்தார். டாக்டர் கேட்டார், நான் சொன்னேன். வேறென்ன செய்வது?

இன்னும் பதினான்கு நாள் என்றதும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சாயங்காலமே பந்துக் கருவியை எடுத்துவிட்டேன். மூன்றும் எழுந்தன.

மாணிக்யாம்பா

துனி
30-5-2011

அண்ணிக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று தாள் கிழித்தேன். உங்களைக் கொல்லப் பார்த்தது நான். காப்பாற்றியது உங்கள் வாயில் வந்த உண்மை. நானாயிருந்தால் "ஒண்ணும் சாப்பிடலை" என்று சொல்லிவிட்டுப் படுத்திருப்பேன்.

ஆறாம் தேதி மறுபடி விரதம் செய்கிறேன். பிரசாதம் வராது. உங்கள் பங்கை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சாமியிடம் சொல்லிவிட்டேன். கதையில் அதற்குத் தடை எதுவும் இல்லை, பார்த்துவிட்டேன்.

இருபத்தெட்டு நாள், அண்ணி! எனக்கு ஏகாதசியே மத்தியானத்தோடு முடிந்துவிடும். மாடி ஏறினால் எனக்கும் இப்போது மூச்சு வாங்குகிறது. அந்த டாக்டர் எந்தக் கிழமைகளில் பார்ப்பார்? சும்மாதான் கேட்டேன்.

வேணி

விசாகப்பட்டினம்
10-6-2011

அன்புள்ள வேணிக்கு,

ஏழாம் தேதி நல்லபடியாக முடிந்தது. கல்லீரல் நன்றாகச் சுருங்கியிருந்ததாம். "இவ்வளவு ஒழுங்கா தயாராகி வந்த பேஷண்ட் நீங்கதான்" என்றார் டாக்டர். வராந்தாவில் நடக்கிறேன். இப்போதைக்கு மணிக்கு நாலு மடக்குத் தண்ணீர்தான் ஆகாரம்.

டாக்டர் திங்கள், வியாழன் காலையில் பார்ப்பார். வரும் இருபதாம் தேதிக்கு உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். சும்மாதான் கொடுத்தேன். நான் கூட வருகிறேன்.

மூன்று பந்தையும் எழுப்பப் பதினேழு நாள் பிடித்தது எனக்கு. உனக்கு எத்தனை நாள் என்று பார்க்கலாம், நெல்குதிரே.

மாணிக்யாம்பா