எழுபத்தைந்து மைல்

மார்ச் 13, 2016, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. நோரீன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு தனியாகப் போனாள். நான் படகை இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன்.

படகின் பின்னால் மாட்டிய மோட்டாரைக் கால் அங்குலம் தூக்கி ஓட்டினேன். மணிக்கு எழுபத்திரண்டு. இன்னொரு கால் அங்குலம். எழுபத்து நான்கு! தண்ணீர் தகடு மாதிரி கிடந்தது, டேங்கில் பாதி பெட்ரோல், மீன் தொட்டி காலி, படகில் நான் மட்டும். இன்னும் ஒரே ஒரு மைல். லாமர் தன் படகு எழுபத்தைந்து ஓடுகிறது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறான்.

போன வருஷம் அவன் எனக்கு முன்னால் போய் மீன் கிடக்கிற புல்திட்டில் நின்றுகொண்டதால்தான் மீன்பிடி கிளப்பின் இறுதிப் போட்டிக்கு நான் போகவில்லை. கரையில் எல்லார் முன்னாலும் என்ன கேட்டான்? “என்ன ஹார்லன், நீ ஏரிக்குப் போறியா, இல்ல ஏரி உன்கிட்ட வரட்டும்னு உக்காந்திருக்கியா?” பல்லைக் காட்டிச் சிரித்தார்கள் எல்லாரும். ட்வைட்டும் சிரித்தான், என் கூட்டாளி, என் பெண்டாட்டி நோரீனின் தம்பி. அதை நான் மறக்கவில்லை.

மார்ச் 19, சனி

இன்று ட்வைட்டை ஏற்றிக்கொண்டு, தொட்டியில் தண்ணீர் நிரப்பி, போட்டியில் போகிற மாதிரியே ஓட்டினேன். அறுபத்தொன்பது.

ஐந்து மைலைக் காணோம்! எங்கே போச்சு? பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

மானை நிறுக்கிற தராசில் ஏறி நில்லுடா என்றேன். ஏறினான். இருநூற்று நாற்பது பவுண்டு. “மாப்ளே, எஞ்சின்ல கோளாறு இல்ல, உன் தொப்பையிலதான் கோளாறு” என்றேன். சிரித்துக்கொண்டே இறங்கினான். இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டான். இருபத்திரண்டு வருஷம் கோழி ஆலையில் தலைக்கு மேலே கொக்கியில் கோழியை மாட்டி மாட்டி அவன் முதுகெலும்பில் இரண்டு இடம் தேய்ந்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

மார்ச் 20

வெறும் படகில் சோதித்தது என் முட்டாள்தனம். தெரிந்தும் எல்லாரும் அப்படித்தான் சோதிக்கிறோம். அந்த எண்ணைப் பார்க்கிற ஆசை.

ஏப்ரல் 9, சனி

முதல் தகுதிப் போட்டி. கிளம்புகிற வரிசைக்குச் சீட்டுக் குலுக்கியதில் எங்களுக்குப் பதினொன்றாம் நம்பர், லாமருக்குப் பதினான்கு. மூன்று படகு பின்னால் கிளம்பியவன் பாலத்துக்கு முன்னாலேயே எங்களைத் தாண்டினான். கையை வேறு ஆட்டினான், பரதேசி.

ஐந்தாம் இடம். மூன்று போட்டியின் புள்ளியைக் கூட்டினால் முதல் இரண்டு ஜோடிதான் இறுதிக்குப் போகும்.

ஏப்ரல் 16, சனி

நாலு இலை புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு மூன்று இலை போட்டேன். ட்வைட் ஏறியும் எழுபத்திரண்டு! படகின் மூக்கு நன்றாகத் தூக்குகிறது, அடி தண்ணீரைத் தொடவே இல்லை.

அலை வந்தால்தான் தொல்லை. நாலு இலை தண்ணீரை இறுக்கிப் பிடிக்கும். மூன்று இலை, அதுவும் இவ்வளவு உயரத்தில், திடீரென்று பிடியை விட்டுவிடும். காற்றில் சும்மா சுற்றும், தூக்கி நின்ற மூக்கு தொப்பென்று விழும். இன்று இரண்டு தரம் விழுந்தது. ட்வைட் கைப்பிடியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

கரைக்கு வந்ததும், பழைய புரொப்பெல்லரே போட்டுக்கலாமா மாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். அலை இருக்கிற அன்றைக்கு மட்டுமாவது மோட்டாரை ஒரு அங்குலம் இறக்கினால் போதுமாம். உனக்கு ஒரு சாய்வு நாற்காலியும் போட்டுத் தருகிறேன், வாத்து வேடிக்கை பார்த்துக்கொண்டே வா என்றேன். மறுபடி கேட்கவில்லை.

மே 7, சனி

இரண்டாம் தகுதிப் போட்டி. இரண்டாம் இடம்!! பாலத்தைத் தாண்டும்போது லாமருக்கு முன்னால் நாங்கள். அவன் மூஞ்சியைப் பார்த்திருக்க வேண்டும்.

காலையில் ட்வைட் தடிமனான பஞ்சு மெத்தை ஒன்று கொண்டுவந்திருந்தான், சீட்டில் போட்டு உட்கார. டாக்டர் சொன்னாராம். எடுத்துப் படகை இழுத்து வந்த வண்டிக்குள் எறிந்தேன். எடை என்றேன். என்ன எடை, இரண்டு பவுண்டு இருக்கும். பக்கத்துப் படகுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏளனம் செய்வார்களே என்றுதான்.

இல்லை. இது யாரும் படிக்கிற நோட்டு இல்லை, எதற்குப் பொய்? அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது. அன்றைக்குச் சிரித்தானே.

ஜூன் 5, ஞாயிறு

நோரீன் காலையிலிருந்து நச்சரிப்பு. தம்பி வலி மாத்திரை இரண்டு மடங்காகத் தின்கிறானாம். அப்படியானால் வீட்டில் இருக்கட்டும், யார் கையைப் பிடித்து இழுத்தது என்றேன். “நீங்க கூப்பிட்டா அவன் வராம இருப்பானா? சின்ன வயசிலேர்ந்து உங்க பின்னாலேயே சுத்துறவன்” என்றாள்.

மோட்டாரை இன்னும் கால் அங்குலம் தூக்கினேன். எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீரின் அழுத்தம் பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டது. எஞ்சினுக்கு ஆகாது. ஒரு போட்டிதானே, தாங்கும்.

ஜூன் 11, சனி

எழுதுவதா வேண்டாமா.

ஜூன் 12, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

நேற்று மூன்றாம் தகுதிப் போட்டி. காலையில் நல்ல தண்ணீர். பதினொரு மணிக்குள் கணக்கில் சேருகிற ஐந்து மீனும் பிடித்தாயிற்று, இருபத்திரண்டு பவுண்டு. லாமரிடம் பதினேழுதான் என்று கேள்விப்பட்டோம். இறுதிப் போட்டி கையில் வந்துவிட்டது. ட்வைட் பிடித்ததுதான் பெரியது, ஆறரைப் பவுண்டு. குழந்தை மாதிரி அதற்கு முத்தம் கொடுத்தான்.

மத்தியானம் தெற்கிலிருந்து காற்று. திரும்பி வரும்போது நடு ஏரியில் மூன்றடி அலை. மோட்டாரை இறக்க ஒரு பொத்தான்தான், என் கட்டைவிரலுக்குக் கீழேயே இருக்கிறது. இறக்கவில்லை. ஏன்? நேரம் இருந்தது. கரை சேர இருபத்தைந்து நிமிஷம் இருந்தது. லாமர் படகு வலது பக்கம் வந்துகொண்டிருந்தது, அதனால்.

இலை பிடியை விட்டது. மூக்கு விழுந்தது. ட்வைட் சீட்டைவிட்டு எழும்பித் திரும்ப வந்து உட்கார்ந்தான், அவ்வளவுதான். கத்தவில்லை. படகை நிறுத்தினேன். அவன் தன் கால்களையே பார்த்தான். “மாமா, கால் எங்க இருக்குன்னே தெரியல.”

இங்கேதான் எழுத வேண்டியது இருக்கிறது. கரைக்கு நான்கு மைல். தாமதமாகப் போனால் நிமிஷத்துக்கு ஒரு பவுண்டு கழிப்பார்கள். அவனைப் படகின் தரையில் நீட்டிப் படுக்கவைத்து, போனில் ஆளைக் கூப்பிட்டுவிட்டு, ஊர்ந்து போயிருக்க வேண்டும், அல்லது அசையாமல் அங்கேயே நின்றிருக்க வேண்டும். பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் கைப்பிடியைப் பிடிச்சுக்கோ என்று சொல்லிவிட்டு முழு வேகத்தில் விட்டேன். இன்னும் மூன்று தரம் விழுந்தது. மூன்றாவது தரம் மட்டும் அவன் ஒரு சத்தம் போட்டான்.

ஆம்புலன்ஸ் கரைக்குத்தானே வரும், அதனால் வேகமாகப் போனது அவனுக்காகத்தான். இப்படித்தான் நேற்று ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். சரி, அப்படியானால் கரை சேர்ந்ததும் முதலில் எதைத் தூக்கினேன்? மீன் பையை. எடை மேடைக்குப் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். என் முறை வந்து, எடை போட்டு, சீட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் என் கூட்டாளிக்கு அடிபட்டிருக்கிறது என்றேன்.

லாமர்தான் முதலில் ஓடினான். படகில் ஏறி, ட்வைட்டின் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தான்.

ஜூன் 14

ஆபரேஷன் முடிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை.

டாக்டர் கேட்டார்: அடிபட்ட பிறகு படகை எப்படி ஓட்டி வந்தீர்கள்? முதல் அடியில் எலும்பு உடைந்திருக்கிறது, நரம்பு பிறகு நசுங்கியிருக்கலாம் என்று நினைக்கிறாராம். நோரீன் பக்கத்திலேயே நின்றாள். மெதுவாகத்தான் என்றேன்.

நோரீன் என்னை நம்பவில்லை. கட்டில் பக்கம் போய்த் தம்பியைக் கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். “மெதுவாத்தான்கா வந்தார். பாவம், ரொம்ப மெதுவா” என்றான்.

ஐயோ, உண்மையைச் சொல்லியிருக்கலாமே அவன். எதுக்குடா? எதுக்குடா எனக்காக?

ஜூலை 2

இறுதிப் போட்டிக்குத் தகுதி என்று கடிதம். கூட்டாளி இல்லாவிட்டால் தனியாக வரலாமாம்.

ஆகஸ்ட் 20

ட்வைட் வீட்டு வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை கட்டினோம். லாமரும் வந்திருந்தான். எனக்கு வேண்டிய ஆணியை எடுத்துக் கொடுத்தான்.

அக்டோபர் 8, சனி

இறுதிப் போட்டி. போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். ட்வைட்தான் போன் பண்ணிப் போங்க மாமா போங்க என்றான்.

மோட்டார் உயரத்தை மாற்றவில்லை. அதே மூன்று இலை. பாலத்தைத் தாண்டும்போது பார்த்தேன். எழுபத்தைந்து. அப்புறம் எழுபத்தாறு. லாமர் எங்கோ பின்னால்.

மூன்றே மீன். பன்னிரண்டாம் இடம்.

சாயங்காலம் ட்வைட் வீட்டுக்குப் போனேன். நோரீன் அங்கே இருந்தாள், இப்போது பாதி நாள் அங்கேதான். மீனைப் பற்றி அவன் கேட்கவில்லை. எவ்வளவு ஓடியது என்று கேட்டான். எழுபத்தாறு என்றேன்.

“நான் படகுல இல்லல்ல மாமா. இருநூத்தி நாப்பது பவுண்டு குறைஞ்சா ஓடத்தான் செய்யும்.”

குத்திச் சொல்லவில்லை. அவனுக்குக் குத்தத் தெரியாது. நிஜமாகவே சந்தோஷமாகச் சொன்னான். காலையில் அந்த எண்ணைப் பார்த்ததும் நான் வாய்விட்டுச் சிரித்தேன், பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்துப் “பாத்தியா மாப்ளே” என்றுகூடச் சொன்னேன். அதை அவனிடம் சொல்லவில்லை. நோரீன் அவன் காலை ஒவ்வொன்றாகத் தூக்கி மிதிபலகையில் வைத்துக்கொண்டிருந்தாள். காபி வேண்டுமா என்று கேட்டாள், நான் வேண்டாம் என்றேன்.