பூஜை போட்ட கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்த்தது குற்றமா?

அனுப்புநர்:
கோ. சுந்தரராஜுலு,
லேத் பட்டறை,
மணல்காட்டுப்புதூர்,
பெரியநாயக்கன்பாளையம் வழி,
கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: பிளஸ் டூ மாணவி சு. ஹாரிகாவைக் கம்ப்யூட்டர் அறைக்குள் அனுமதிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் ஹாரிகா எங்கள் ஊர் நாராயணம்மா நினைவு மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துப் படிக்கிறாள். அடுத்த மாதம் செய்முறைத் தேர்வு. இன்று அவளுக்கு அந்த அறைக்குள் நுழையவே அனுமதி இல்லை. ஏன் என்று எனக்கு முழுதாக விளங்காததால் தங்களுக்கு எழுதுகிறேன்.

2. சென்ற ஆயுத பூஜைக்குப் பள்ளிக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. சந்தனம், குங்குமம் வைத்து, பூசணிக்காயும் உடைத்தார்கள். பெரிய மனிதர் ஒருவர் வந்து முதல் சுவிட்சைப் போடுவார், அதுவரை யாரும் தொடக் கூடாது என்று தாளாளர் திரு. பாலகோபால் சொல்லிவிட்டார். இதில் எனக்குக் குறையில்லை. என் பட்டறையிலும் புது மெஷினைப் பெரியவர் கையால்தான் ஓட்டுவோம். ஆனால் மறுநாளே வேலை ஆரம்பித்துவிடும். இங்கே தீபாவளி போனது, பொங்கலும் போனது, பெரிய மனிதர் மட்டும் வரவில்லை.

3. அதற்காகப் பாடம் நிற்கவில்லை. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், துணி போர்த்திய கம்ப்யூட்டரைப் பார்த்தபடி உட்காருவார்கள். ஆசிரியை திருமதி விமலாராணி கரும்பலகையில் கீபோர்டை வரைந்து நடத்துவார். ஹாரிகா வீட்டில் அட்டையில் எழுத்துகளை எழுதி வைத்துக்கொண்டு விரலால் தட்டிப் பழகுகிறாள். நீச்சலைத் தரையில் படுத்துக் கற்பது போலத்தான் எனக்குப் பட்டது.

4. சென்ற வாரம் பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது, கம்ப்யூட்டர் அறையையும் எட்டிப் பார்க்கப் போனேன். மூடியே வைத்தால் எந்த மெஷினும் கெட்டுவிடுமே என்ற கவலையில் துணியை விலக்கி, சுவிட்சைப் போட்டுவிட்டேன். ஓடியது. பக்கத்தில் நின்ற ஹாரிகா ஒரு விசையைத் தொட்டாள். அட்டையில் எத்தனை தட்டியும் வராத எழுத்து, திரையில் வந்தது. பிள்ளைகள் எல்லாம் கை தட்டினார்கள். ஆசிரியையும் சிரித்தார், பிறகு பயந்துபோனார்.

5. தாளாளர் ஓடி வந்து, "ஏனுங்க, பெரியவங்க தொட வேண்டியதை நீங்க தொட்டுப்போட்டீங்களே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். விழாவைக் கெடுத்தது என் குடும்பமாம். விழா முடியும்வரை ஹாரிகா வெளியே நிற்க வேண்டுமாம். விழா என்றைக்கு என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை.

6. ஐயா, எனக்குக் குழப்பமாக இருக்கிறது. தொடங்கிய ஒன்றை மறுபடி எப்படித் தொடங்கிவைப்பது? நான் போட்டதால் கெட்டதா, ஓடியதால் கெட்டதா? பஸ் நிறுத்தத்தில் ஹாரிகா, "ஏனுங்கப்பா, நாம செஞ்சது தப்புங்களா?" என்று கேட்டாள். தப்பு என்று சொல்ல மனம் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் தைரியம் இல்லை. அதனால் அந்தக் கேள்வியைத் தங்களிடமே கொண்டு வருகிறேன்.

7. நான் செய்தது பிழை என்றால் தண்டனையை எனக்குத் தாருங்கள். அவளையும் மற்ற பிள்ளைகளையும் தேர்வுக்கு முன் அந்தக் கம்ப்யூட்டரில் பழகவிட உத்தரவிடுங்கள். திறப்பு விழாவை அவர்கள் எந்த வருடம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், நானும் வந்து கை தட்டுகிறேன். தேர்வு அடுத்த மாதம் ஐயா.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,

கோ. சுந்தரராஜுலு
(ஒப்பம்)

இடம்: மணல்காட்டுப்புதூர்
நாள்: 22.01.1997