இடிதாங்கிப் பெட்டியும் செல்வியின் போனும்

மே 9, 2001. புதன்

காலையில் பனி, மத்தியானம் புழுக்கம். சாயந்திரம் இடி நிச்சயம்.

பேளுக்குறிச்சியிலிருந்து மெக்கானிக் பஷீர் பாய் வந்தார். எங்கள் எஸ்டிடி பூத் பில் மிஷினுக்குப் போன வருஷம் மாட்டிய இடிதாங்கிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பொத்தான் அளவில் நீல வில்லை. விரிசல்.

"மிஷினுக்கு வர்ற மின்னல் அடியெல்லாம் இது வாங்கிக்குதுங்க அக்கா. வாங்கி வாங்கியே செத்துப்போவும். வெளிய பச்சை லைட்டு எரிஞ்சுட்டுத்தான் இருக்கும்."

புதுசு வைத்தார். இதுவும் சின்ன அடிக்குத்தானாம். இடி பக்கத்தில் விழுந்தால் தாங்காது. மலைமேல் எங்கள் ஊர் சோளக்காட்டில் எங்கே தோண்டினாலும் பாறை, மின்னலை மண்ணில் இறக்கும் எர்த் குழியில் ஈரம் நிற்பதில்லை. "மழை கட்டுனா போன் ஒயரைப் புடுங்கிப்போடுங்க. அதான் வைத்தியம்."

தினமும் ரெண்டு குடம் தண்ணீர் அந்தக் குழிக்கு ஊற்றுகிறேன். மாட்டுக்குக்கூட இப்படிப் பார்த்து ஊற்றியதில்லை.

வாங்கணும்: விளக்கெண்ணெய், மிளகு. எடுத்து வைக்கணும்: பழைய வேட்டி (செல்விக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு).

10 வியாழன்

மழை. மூன்று முறை ஒயர் பிடுங்கியாச்சு. போன் பேச வந்தவர்கள் முணுமுணுப்பு. வீட்டுக்காரர் அசையவில்லை. கால் ஊனத்துக்கென்று கிடைத்த பூத், வேறு பிழைப்பு கிடையாது. அவருக்கு மிஷின்தான் மூத்த மகள், செல்வி இரண்டாவது!

செல்விக்கு இன்னும் பத்து நாள். ரத்தக் கொதிப்பு இருப்பதால் பிரசவம் நாமக்கல்லில். ஞாயிறு நான் போகிறேன்.

11 வெள்ளி

காலை எட்டு. மாப்பிள்ளை போன். வலி வந்துவிட்டது, கொதிப்பு ஏறியிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். மலை ரோட்டில் மரம் விழுந்து பஸ் இல்லை. பாவி மரம்.

இரண்டு மணிக்கு வானம் கறுத்தது. அவர் ஒயரைப் பிடுங்கினார். நான் உள்ளே போய் அழுதேன்.

திரும்பி வந்தால், அவர் போன் ஒயரைச் செருகிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். வெளியே மின்னல்.

"ஏனுங்க, மிஷின்..."

"கம்முனு இரு புள்ள."

மணி அடித்தது. ஓடினேன். "நீ தொடாத, எட்டி நில்லு!" ரிசீவரை அவரே எடுத்தார். கேட்டுக் கேட்டு எனக்குக் கத்தினார்.

"பொட்டப்புள்ள!"

"செல்வி?"

"நல்லாருக்குதாம். உன்னயத்தான் கேக்குதாம்."

போனை வைத்தார். ஒயரைப் பிடுங்கக் கை நீட்டும்போது பட்டென்று ஒரு வெளிச்சம். மிஷினில் புகை. அவருக்கு ஒன்றுமில்லை. கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் திட்டினேன். விடவில்லை, கையை.

13 ஞாயிறு

மரம் எடுத்தாச்சு. முதல் பஸ்ஸில் பாய் வந்தார். மிஷின் உள்ளே மொத்தமும் கரி. புது வில்லை இரண்டாய்ப் பிளந்து கிடந்தது.

"அத்தனை சொன்னனே, ஒயரை யாருங்க செருகுனது? அக்காவா?"

"அவளைச் சொல்லாதீங்க பாய். நான்தான் செருகுனேன். எம் புள்ள உசுரோட இருக்குதான்னு தெரியாம இந்த மிஷினை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்?"

கல்யாணமான இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அழுது இன்றுதான் பார்க்கிறேன். பஸ் ஹாரன். போகணும்.