நான் போட்ட சாட்சிக் கையெழுத்து

என் ஞானம் அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. நினைவு நாளுக்கு சபைத் தாளில் உன் போட்டோவும் கீழே ஒரு வசனமும் போட்டால் போதும் என்றாள் என் மகள் சாந்தி. வசனம் உனக்குத் தெரியாததா? உனக்குத் தெரியாதது வேறொன்று நடந்திருக்கிறது. அதை நான்தான் சொல்லணும். அஞ்சாங்கிளாஸ் எழுத்து, பொறுத்துக்கோ. வசனத்துக்குப் பதில் இதைத்தான் சபைத் தாளில் போடச் சொல்லியிருக்கிறேன்; அது ஹைதராபாத் சனத்நகரைத் தாண்டி ஊருக்கு, அண்ணன் கைக்குப் போகாது, விசாரித்துவிட்டேன்.

நீ எனக்கு எழுதி வைத்த வீடு எனக்கு இல்லையாம் அக்கா. கெடுத்தது நான்.

ஆபரேஷன் முடிந்து வந்த மறுவாரம், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வெள்ளைத் தாளில் எழுதினாயே. "இந்த வீடு என் தங்கை கிருபைக்கு. அண்ணன் சாமுவேலுக்கு ஒரு செங்கல்லும் கூடாது." இரண்டு தடவை உரக்கப் படித்துக் காட்டினாய். உயிலுக்கு இரண்டு சாட்சி வேணும் என்றாய். மாடியில் குடியிருந்த ஃபிட்டர் மோசஸ் வந்து போட்டார். இன்னொன்றுக்குப் பக்கத்து வீட்டு சுசீலாவைக் கூப்பிடச் சொன்னாய்.

சுசீலாவையா? மொட்டைமாடியில் நான் காயப்போட்ட கருவாட்டை, மூக்கைப் பொத்திக்கொண்டு தண்ணீர் பீய்ச்சித் தள்ளினவள். அன்றைக்கு விட்ட பேச்சு விட்டதுதான்.

"அவ கால் நம்ம தரையில படக்கூடாது. நான் போடுதேன். எனக்கென்ன கையெழுத்துப் போடத் தெரியாதா?"

நீ சிரித்தாய். "போடு, போடு. உன் கருவாட்டுச் சண்டை என் சாவு வரைக்கும் வருது" என்று பேனாவை நீட்டினாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, கோடு விலகாமல், முழுப் பெயரையும் போட்டேன்.

போன மாசம் வீட்டைப் பேர் மாற்ற ஆபீசுக்குப் போனோம். கூடப்பிறந்தவர் எல்லாரும் கையெழுத்துப் போடணும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேத்தி ஜெனி என்னை ஹப்சிகுடாவில் ஒரு தமிழ் வக்கீல் பிள்ளையிடம் கூட்டிப் போனாள். அந்தப் பிள்ளை உயிலைப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இது உங்க கையெழுத்தா?" என்று கேட்டது.

"ஆமா, என்னுதுதான். நல்லாயிருக்கா?" என்றேன். நான் வேறு என்ன நினைப்பேன்?

அந்தப் பிள்ளை கண்ணாடியைக் கழற்றி வைத்தது. "உயில் செல்லும் ஆச்சி. உங்களுக்கு எழுதினது மட்டும் செல்லாது. சாட்சி போட்டவங்களுக்கு அந்த உயில்ல எதுவும் சேராது. கிறிஸ்தவங்களுக்குச் சட்டம் அப்படி. இந்துக்களுக்கு இந்த விதி கிடையாது."

அதிலேயும் சுசீலா கொடுத்து வைத்தவள், பார்.

"அப்போ வீடு?"

"எழுதாம விட்ட மாதிரிதான். உங்க அக்காவுக்குக் கல்யாணம் ஆகலை, பிள்ளைங்க இல்லை, அம்மா அப்பாவும் இல்லை. அண்ணனுக்கும் உங்களுக்கும் சரிபாதி."

"அதான் அவனுக்கு ஒரு செங்கல்லும் கூடாதுன்னு எழுதியிருக்காளே!"

"யாருக்குக் கூடாதுன்னு எழுதினா போதாது ஆச்சி. யாருக்குன்னு எழுதினது நிக்கணும்."

வெளியே வந்ததும் ஜெனி என் தோளைப் பிடித்து, "லைட் தீஸ்கோ ஆச்சி" என்றாள். அவளுக்குத் தமிழ் காதில் ஏறும், வாயில் வராது. எதை நான் லைட்டாக எடுத்துக்கொள்ள? சுசீலாவை ஒரு தடவை வாசலுக்குக் கூப்பிட்டிருந்தால் முடிந்திருக்கும் காரியம் அது.

உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களை அண்ணன் வாசலிலேயே நிறுத்தினது உனக்கு மறந்திருக்காது. "பிள்ளைக்கு வலிப்பு உண்டு" என்று குரலைத் தாழ்த்திப் பொய் சொன்னான். கதவுக்குப் பின்னால் நான் நின்றேன், பதினாலு வயசு. உன் நர்ஸ் சம்பளம் அவனுக்கு வேணும். வந்தவர்கள் காப்பியைக்கூடத் தொடவில்லை. நீ ஹைதராபாத்துக்கு ரயில் ஏறினாய், அப்புறம் யாரும் வரவில்லை. அவனுக்குத்தான் இப்போது உன் பாதி வீட்டைச் சட்டம் கொடுத்திருக்கிறது. என் கையெழுத்து கொடுத்திருக்கிறது.

வக்கீல் பிள்ளை ஊருக்குப் போட்ட கடிதம் கிடைத்து, அண்ணன் மகன் போன் பண்ணினான். "அத்தை, நீங்க நேர்ல வந்து ஒரு வார்த்தை கேட்டா, அப்பா அவங்க பங்கை விட்டு எழுதிக் குடுத்துருவாங்களாம். இல்லேன்னா பில்டர்கிட்ட பேசிருவோம்."

போனை அண்ணனிடம் கொடுக்கச் சொன்னேன். இத்தனை வருஷம் கழித்து அந்தக் குரல். "கிருபை, சாப்டியா?" என்றான்.

"அன்னைக்கு ஞானத்தைப் பார்க்க வந்தவங்ககிட்ட வாசல்ல என்ன சொன்ன?"

"எந்த வாசல்ல? ஞானத்துக்கு யாரும் வரலையே பிள்ள."

பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவன் நிஜமாகவே மறந்துவிட்டான் அக்கா. உன் ஆயுசை முடக்கிப் போட்டவனுக்கு அது ஞாபகத்தில்கூட இல்லை. இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

போகமாட்டேன் என்றுதான் நாலு நாள் இருந்தேன். புருஷன் விட்டுப்போன பிறகு சாந்திக்கு இந்தக் கூரைதானே. பட்டான்செரு மருந்து கம்பெனியில் ஷிப்ட் முடித்து, ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்து, ஒருநாள் என் பக்கத்தில் படுத்தாள். "இன்னும் எத்தனை பேர்கிட்ட பேசாம இருப்பம்மா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

அதனால் போகிறேன். வியாழக்கிழமை ரயில். நீ கூடாது என்று எழுதினவனிடமே கை நீட்டப் போகிறேன். உனக்கு இது சம்மதமா, இல்லையா, எனக்குத் தெரியாது. கேட்கவும் வழியில்லை.

அவன் எழுதித் தரவேண்டியதற்கு விடுதலைப் பத்திரம் என்று பேராம். யாருக்கு விடுதலை என்று வக்கீல் பிள்ளையிடம் கேட்டேன், சிரித்தது. அவனை நான் மன்னிக்கணுமா, அப்படி ஏதாவது அதில் எழுதணுமா என்றும் கேட்டேன். "அதெல்லாம் தேவையில்லை ஆச்சி, சொத்து விவரமும் கையெழுத்தும் போதும்" என்றது.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. அவன் படியேறி வீட்டைக் கேட்பேன். வீட்டை மட்டும்தான் கேட்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
கிருபை