ஒன்பதாம் மாடிக் கதவு

ஜனவரி 12, திங்கள்

வருடாந்திரக் கதவுச் சோதனை இன்று தொடங்கியது. பதினேழு மாடி, மாடிக்கு நாலு வீடு, அறுபத்தெட்டு வாசல் கதவுகள். ஒவ்வொன்றையும் பாதி திறந்து கையை விட வேண்டும். தானாக வந்து சாத்திக்கொண்டால் பதிவேட்டில் 'சரி'. இல்லையென்றால் நோட்டீஸ். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் ஆட்கள் வந்து சேரும்வரை புகை அந்த வீட்டுக்குள்ளேயே அடங்கிக் கிடக்க வேண்டும், அதற்குத்தான் இத்தனை பாடும். சொன்னால் யார் காதிலும் ஏறுவதில்லை. லிஃப்டில் ஒரு கீறல் விழுந்தால் மட்டும் பதினேழு மாடியும் மேனேஜரான என் அறைக்கு இறங்கி வந்துவிடும்.

உச்சியிலிருந்து ஆரம்பித்தேன். இன்று பன்னிரண்டு கதவுகள். அதில் ஐந்து வீட்டில் கதவின் மேல் இருந்து அதைத் தானாகச் சாத்தும் க்ளோசரைக் கழற்றிப் பரணில் போட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்தது தடியான ஓர் அகராதி. "படிக்கிறதுக்கா வாங்கினார்?" என்று வீட்டுக்காரரின் மனைவியே சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நோட்டீஸையும் கொடுத்தேன்.

ஜனவரி 14, புதன்

ஒன்பதாம் மாடி. இன்று எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

முதலில் தையல்காரம்மா வீடு. கதவைப் பழைய இஸ்திரிப் பெட்டியால் நிறுத்தி வைத்திருந்தாள். போன மாதமே ஒரு நோட்டீஸ் கொடுத்தாயிற்று. "துணி குடுக்க வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் மிஷினை விட்டு எந்திரிச்சு ஓடணுமா? நீங்களே சொல்லுங்க மேடம்." இரண்டாவது நோட்டீஸை நீட்டினேன். மூன்றாவது வந்தால் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நிற்க வைப்பார்கள். முணுமுணுத்துக்கொண்டே இஸ்திரிப் பெட்டியை உள்ளே எடுத்துப்போனாள்.

அவளுக்கு நேர் எதிர் அண்ணன் வீடு. கதவைத் திறந்து கையை விட்டேன். அப்படியே நின்றது. க்ளோசர் இருந்த இடத்தில் நாலு ஓட்டை.

அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள். "அது இருந்தா கதவு கல்லு மாதிரி கனக்குதுடி. நான் தள்ளிட்டு வெளிய வர்றதுக்குள்ள முதுகுல வந்து இடிக்குது. அதான் உங்க அண்ணன் கழட்டிட்டான்." காலையில் ஒரு மணி நேரம் வெளியே வந்து, நடை ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்காருவாள். போவோர் வருவோர் நின்று இரண்டு வார்த்தை பேசுவார்கள். அவளுக்கு ஊர் உலகம் என்று மிச்சம் இருப்பது அவ்வளவுதான்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். அலாரம் அடித்தால் மட்டும் கதவைச் சாத்துகிற, மற்ற நேரம் லேசாகத் தள்ளவிடுகிற க்ளோசரும் உண்டு, அம்மாவுக்கு அதை மாட்டலாம், சங்கத்தில் வைத்துப் பார் என்றேன். "ஒரு வீட்டுக்கு மாட்டினா அறுபத்தெட்டு வீடும் கேக்கும். நான் சங்கத் தலைவர், என் வீட்டுக்கே நீ நோட்டீஸ் கொடுத்தா என் மூஞ்சியை எங்க வெச்சுக்கறது? 'சரி'ன்னு போடு. அடுத்த வாரம் பழசையே மாட்டிடறேன்." என் கணவர் போன பிறகு நடுத்தெருவில் நின்றவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் அண்ணன். அதை அவன் இன்று சொல்லவில்லை. அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

'சரி' போட்டேன்.

ஜனவரி 23, வெள்ளி

நோட்டீஸ் வாங்கிய வீடுகளெல்லாம் சரிசெய்துவிட்டன. அறுபத்தெட்டும் 'சரி' என்று அறிக்கையில் கையெழுத்திட்டு அனுப்பினேன். அறுபத்தேழு நிஜம்.

பிப்ரவரி 11, புதன்

"மாட்டினியா?"

"மாட்டறேன்னு சொன்னேன்ல."

அண்ணனிடம் கேட்பது இது மூன்றாவது முறை. இதற்கு மேல் கேட்டால் அண்ணி முகம் தூக்கிக்கொள்வாள்.

அம்மா நடையில் உட்கார்ந்து தையல்காரம்மாவுக்குப் பட்டன்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் நல்ல சிநேகம். என்னைப் பார்த்ததும் தையல்காரம்மா குரலைத் தாழ்த்தாமலே கேட்டாள். "எங்க கதவு மட்டுந்தான் உங்க கண்ணுக்குத் தெரியுமா மேடம்? எதிர்க்கதவு தெரியாதா?" நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வேலை இருப்பதாகச் சொல்லி, லிஃப்டுக்கும் காத்திராமல் படியிறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

எல்லாம் முடிந்து இப்போதுதான் உட்கார்கிறேன்.

காலை பதினொன்றரை. அலாரம். பலகையில் ஒன்பது என்று சிவப்பு. அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போயிருந்தார்கள், அம்மா தனியாக — படியில் ஓடினேன். ஏழாம் மாடிக்கு மேல் ஏற முடியவில்லை. மேலே படி முழுக்கக் கரும்புகை.

அண்ணன் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் வயர் பற்றியிருக்கிறது. யார் தப்பும் இல்லை. அம்மா வாக்கரோடு எப்படியோ வாசலைத் தாண்டிவிட்டாள். அவள் பின்னால் கதவு திறந்தபடியே நின்றது. ஒரு வீட்டுப் புகை முழுக்க நடைக்கு வந்துவிட்டது.

தையல்காரம்மா உள்ளேதான் இருந்தாள். அவள் கதவு சாத்தியிருந்தது, ஒரு பொட்டுப் புகை உள்ளே போகவில்லை. அம்மா கூப்பிடுவது கேட்டுத் திறந்துகொண்டு வெளியே வந்திருக்கிறாள். அம்மாவை இழுத்துப் படிவரை கொண்டுவந்து எட்டாம் மாடிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, அங்கேயே விழுந்துவிட்டாள்.

அம்மாவுக்கு இருமல் மட்டும்தான். தையல்காரம்மாவுக்கு நினைவில்லை. ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்.

மார்ச் 6, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். தையல்காரம்மா தொண்டையில் குழாய். கண் திறக்கவில்லை. அவள் கணவர் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

மார்ச் 9, திங்கள்

தீயணைப்பு அதிகாரி வந்தார். பதிவேட்டை விரித்து ஒன்பதாம் மாடி வரியில் விரலை வைத்தார். "அந்தக் கதவு மட்டும் மூடியிருந்தா நடையில புகையே இருந்திருக்காதும்மா. நீங்க 'சரி'ன்னு போட்டிருக்கீங்க. நான் பாத்தா நாலு ஓட்டைதான் இருக்கு." புதன்கிழமை எழுத்துமூலமாகச் சொல்லச் சொன்னார்.

அண்ணன் என் அறைக்கே வந்தான். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். "சோதனைக்கு அப்புறம் அம்மாதான் யாரையோ கூப்பிட்டுக் கழட்டச் சொல்லிட்டாங்கன்னு எழுதிக் குடு. வயசானவங்க, அவங்களை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. உன் வேலையும் தப்பிக்கும், என் மானமும் தப்பிக்கும்."

"அம்மா மேலயா போடச் சொல்றே?"

"உனக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

உனக்கும் சேத்து! எத்தனை பாசம். வெறும் கையெழுத்தாக இருந்தவரை என் கை போதுமாயிருந்தது. இப்போது அம்மா தலை தேவைப்படுகிறது.

மார்ச் 11, புதன்

உள்ளதை எழுதினேன். க்ளோசர் இல்லாததைக் கண்ணால் பார்த்தேன். அண்ணன் சொன்னான். நான் 'சரி' போட்டேன். மூன்றே வரி. அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டு, "இதுக்கு அப்புறம் இந்த வேலை இருக்காதும்மா, தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன்.

மார்ச் 13, வெள்ளி

அம்மாவிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். அண்ணன் பக்கத்திலேயே நின்றான். "சோதனை பண்றப்ப மாட்டித்தான் இருந்துச்சு. அப்புறம் நான்தான் ரிப்பேருக்கு வந்தவரைக் கழட்டச் சொன்னேன். என் மகனுக்கு ஒண்ணும் தெரியாது."

சுவரைப் பார்த்துச் சொன்னாள். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. அப்படியானால் பெற்ற மகள், கூடப்பிறந்தவன் மேல் பழி போடுகிற பொய்க்காரி. அதிகாரி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

மார்ச் 27, வெள்ளி

வேலைநீக்கக் கடிதம் வந்தது. சங்கத் தலைவர் என்ற இடத்தில் அண்ணன் கையெழுத்து. "இனிமே எங்க வீட்டு வாசப்படி ஏறாதே" என்பதை மட்டும் கடிதத்தில் எழுதாமல் போனில் சொன்னான்.

ஏப்ரல் 19, ஞாயிறு

தையல்காரம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். வெட்கத்தை விட்டுப் போனேன். குரல் உடைந்துவிட்டது. பேசினால் காற்றுதான் வருகிறது, குனிந்து கேட்க வேண்டியிருக்கிறது. மிஷின் மேல் துணி போட்டு மூடியிருந்தது. கொஞ்ச நேரம் மிதித்தாலே மூச்சு வாங்குகிறதாம்.

"நீங்க எழுதிக் குடுத்ததைச் சொன்னாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அதுக்காக உங்களை நல்லவங்கன்னு நினைக்கணுமா?"

வேண்டாம் என்றேன். நிஜமாகவே வேண்டாம். அவள் கணவர் வாசல்வரை வந்தார். எதிர்க்கதவு சாத்தியிருந்தது. பெல்லைத் தொடாமல் லிஃப்டில் இறங்கினேன்.

மே 26, செவ்வாய்

ஒரு துணிக்கிடங்கில் பில் போடும் வேலை. யார் கதவையும் நான் பார்க்க வேண்டியதில்லை.

சாயங்காலம் அம்மா போன் பண்ணினாள். தீக்குப் பிறகு முதல் தடவை. எடுக்கலாமா வேண்டாமா என்று நாலு முறை மணி அடிக்கவிட்டு, எடுத்தேன்.

"நீ சொன்னதுதான்டி நெசம். எனக்குத் தெரியாதா? ஆனா நான் இந்த வீட்லதானே இருக்கணும்."

திட்ட வேண்டும் என்று இரண்டரை மாதமாகச் சேர்த்து வைத்திருந்த எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டேன். இருமல் போயிடுச்சா என்று கேட்டேன். பிறகு, கதவுக்கு மாட்டினார்களா என்று கேட்டேன்.

"மாட்டிட்டான். புதுசு. பழசை விட கனம். யாரோ வந்து பாத்துட்டு, நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போனாங்க."

"தள்ள முடியுதாம்மா உன்னால?"

"எங்க முடியுது."

"அப்ப காலைல வெளிய எப்படி வர்றே?"

"வர்றதில்லடி" என்றாள். அண்ணன் வரும் நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.