உன் பெயரில் உள்ள அட்டை

பேகம்பூர், திண்டுக்கல்
9 பிப்ரவரி 2025

அன்பு மகள் அஃப்சானாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நானும் அத்தாவும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. தன் தம்பி கல்யாணத்துக்காக ஊருக்கு வந்த கீர்த்தனா, நேற்று செம்பட்டியிலிருந்து பஸ் ஏறி நம் வீட்டுக்கு வந்தாள். ஸ்டுட்கார்ட்டில் உனக்குப் பக்கத்துத் தெருக்காரி என்று நீ சொல்லிக் கேள்விப்பட்டதுதான், முகம் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கொண்டுவந்த பூவைக் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் மேல் கோபப்படாதே. நான்தான் விடாமல் கேட்டேன்.

வீடியோ காலில் நீ சொன்னது வேறு. ரயிலில் யாரோ கைப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் அதோடு போய்விட்டன என்றாய். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்துகொண்டு, "இவளுக்கு ஒரு பொருளைப் பத்திரமா வச்சுக்கத் தெரியல மாமி" என்று சிரித்தார். அன்றைக்கே நான் பார்த்தேன். உனக்குப் பின்னால் கதவுக் கொக்கியில் அதே கைப்பை தொங்கிக்கொண்டிருந்தது. நீ வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது நான் வாங்கிக் கொடுத்த பை எனக்கு அடையாளம் தெரியாதா? அதே மாதிரி இன்னொன்று வாங்கியிருப்பாள் என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டேன். அது என் தப்பு.

திங்கட்கிழமை லேபில் வேலைக்குச் சேர வேண்டியவள் நீ. ஞாயிற்றுக்கிழமை பேப்பரெல்லாம் காணாமல் போகிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு ரப்பரைக்கூடத் தொலைக்காத பிள்ளை. இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை, உனக்கே தெரியும்.

அட்டை இல்லாமல் வெளியே போனால் போலீஸ் பிடித்து ஊருக்கு அனுப்பிவிடும் என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறாராம். நீயும் ஒரு மாதமாக வாசலைத் தாண்டவில்லையாம். வெளிநாட்டுப் பெண்களுக்கு ஆலோசனை சொல்கிற ஒரு அம்மாவிடம் கீர்த்தனா கேட்டிருக்கிறாள். அட்டை தொலைந்தால் அட்டைதான் போகும், தங்குகிற உரிமை போகாது என்று அந்த அம்மா சொன்னாராம். இதை இரண்டு தரம் படி.

அத்தாவிடம் சொன்னேன். அவர் பார்த்து முடித்த சம்பந்தம். நேற்று ராத்திரிச் சோற்றைத் தொடவில்லை. ரமலான் முடியட்டும், இரண்டு குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசுவோம் என்பார் என்று நினைத்தேன். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய், உன் நிக்காஹ் பதிவேட்டு நகலைக் கேட்டு வாங்கி வந்துவிட்டார். எதற்கு என்று கேட்டவர்களிடம், என் மகளுக்கு வேண்டும் என்று மட்டும் சொன்னாராம்.

அது இந்த உறையில் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழும் படிப்புச் சான்றிதழ்களின் நகல்களும் இருக்கின்றன. பாஸ்போர்ட் ஜெராக்ஸ் நம் பீரோவில் கிடைத்தது. குடியிருப்பு அட்டை கைக்கு வந்த அன்று, போட்டோவில் பேய் மாதிரி இருக்கிறேன் பார் என்று எனக்குப் படம் அனுப்பினாயே, அதையும் கலரில் பிரிண்ட் போட்டிருக்கிறேன். நம்பர் தெளிவாகத் தெரிகிறது. தபாலில் வந்தால் யார் கைக்குப் போகுமோ என்றுதான் கீர்த்தனாவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலில் போலீஸ், அப்புறம் மியூனிக்கில் நம் கன்சுலேட், பாஸ்போர்ட் வந்ததும் குடியிருப்பு அலுவலகம். அவள் கூடவே வருவாள். ஒன்று மட்டும் மனசில் வை. போலீஸில் ரயில் கதையைச் சொல்லாதே. நடந்ததைச் சொல். சொல்ல வாய் வரவில்லையென்றால் அழு, அழுது முடித்துவிட்டுச் சொல். அந்த லேபில் ஏப்ரல் கடைசிவரை உன் இடத்தை வைத்திருப்பார்களாம். நாள் இருக்கிறது.

அத்தா ஸலாம் சொல்லச் சொன்னார். வாசலைத் தாண்டும்போது பிஸ்மி சொல்லி வலது காலை வை. மற்றதை நாங்கள் இங்கே பார்த்துக்கொள்கிறோம்.

உன் அம்மா
ஜெய்தூன் பீவி


பேகம்பூர், திண்டுக்கல்
25 மே 2025

அன்பு மகளுக்கு அம்மாவின் ஸலாம்.

இந்த முறை தபாலிலேயே அனுப்புகிறேன். உன் புது விலாசத்தை உறையில் அத்தாதான் எழுதினார். ஒரு எழுத்துப் பிசகினாலும் போய்ச் சேராது என்று மூன்று உறையைக் கிழித்துப் போட்டார்.

போன வாரம் அட்டை கைக்கு வந்ததை நீ சொன்னதிலிருந்து, நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்லு என்று என்னை உட்கார வைத்துக் கேட்கிறார். நானும் நாலு தரம் சொல்லிவிட்டேன். போலீஸில் அரை மணி நேரம் அழுதுவிட்டு நீ நடந்ததைச் சொன்னது. அவர்கள் கடிதம் வீட்டுக்கு வந்த அன்று மாப்பிள்ளை பாஸ்போர்ட்டையும் அட்டையையும் கொண்டுவந்து நீட்டி, சோபாவுக்கு அடியில் கிடந்தது, கம்ப்ளைண்டை வாபஸ் வாங்கு என்றது. இந்த இடம் வந்ததும் அத்தா நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். "என் மக என்ன சொன்னா?" என்பார். அவருக்குத் தெரியும், இருந்தாலும் கேட்பார். "போலீஸ்ல எழுதிக் கொடுத்தாச்சு, இது இனிமே செல்லாது, நான் புதுசு வாங்கிக்கிறேன்னு சொன்னா" என்பேன். நோன்போடு மியூனிக் போய் வரிசையில் நின்றது, திரும்பும்போது ரயிலில் கீர்த்தனா கொடுத்த பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்தது, அட்டை அச்சாகி வரும்வரை கொடுத்த தற்காலிகத் தாளை வைத்தே ஏப்ரல் கடைசியில் லேபில் சேர்ந்தது, எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

உன் மாமியார் உம்மு சல்மா வந்திருந்தார். நீ தனியாக அறை எடுத்துப் போனது மானக்கேடு, பிள்ளை சாப்பிடாமல் இளைத்துவிட்டான் என்று வருத்தப்பட்டார். டீ கொடுத்தேன். பேசி முடிக்கட்டும் என்று இருந்தேன். "உங்க மகன் அவ பாஸ்போர்ட்டை எடுத்து ஒளிச்சு வச்சது உங்களுக்குத் தெரியுமா மதினி?" என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தெரியும்" என்றார். பொய் சொல்லவில்லை பார். அதற்கப்புறம் என்னாலும் கோபமாகப் பேச முடியவில்லை. வாசல்வரை போய் வழியனுப்பினேன். ஆனால், உன்னைத் திரும்பிப் போகச் சொல்வதாக அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

ஊருக்கு வந்துவிடச் சொல்லி எழுது என்கிறார் அத்தா. நான் எழுதவில்லை. அங்கே இருப்பதா, இங்கே வருவதா, மாப்பிள்ளை அஸ்பாக்கோடு மறுபடி பேசுவதா, இல்லை முடித்துக்கொள்வதா, எல்லாம் நீ யோசித்துச் சொல். நீ எதைச் சொன்னாலும் ஜமாத்தில் எழுந்து பேச அத்தா இருக்கிறார். இதை அவரே சொன்னார், நான் சேர்த்து எழுதவில்லை.

இன்னொன்று கேட்கிறேன். போன வருஷம் மூன்று நாலு தரம் பகல் நேரத்தில் கூப்பிட்டாய். கல்யாணச் சமையல் ஆர்டர், பிரியாணி தம்மில் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அப்புறம் நான் கூப்பிட்டால் ஒன்றுமில்லை என்பாய். நானும் ஒன்றுமில்லை என்றே எடுத்துக்கொண்டேன். இனிமேல் எந்த நேரமானாலும் கூப்பிடு. அடுப்பை அணைத்துவிட்டுப் பேசுகிறேன். ஆர்டர் கெட்டாலும் கெடட்டும்.

அல்லாஹ் உன் கால்களை உறுதியாக வைப்பானாக.

உன் அம்மா
ஜெய்தூன் பீவி